எலி கடிக்காத ஒயர்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அது பிறந்தது என் ஸ்கூட்டரின் செல்ஃப் ஸ்டார்ட்டில். பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சௌக்கத் அலியின் கடை இருக்கிறது. தள்ளிக்கொண்டே போனேன். "உக்காருங்க மேடம், இந்த வேன் ஒண்ணு முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார். அந்த ஒன்றை முடிக்க அவருக்கு மத்தியானம் ஆனது. எனக்கு இன்னும் முடியவில்லை.

நான் காத்திருக்கத் தெரியாதவள். டாக்டரிடம் போனால்கூட டோக்கனை வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அன்று உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அந்த வேனின் டிரைவர். ராமசெல்வி என்று பேர். சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். சௌக்கத் அலியோடு சேர்ந்து அவளும் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே கிணற்றில் விழுந்த சாவியைத் தேடுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். எதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்து போக என்னால் முடியவில்லை. எனக்கு அது ஒரு வியாதி.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"மணலி மேம்பாலத்தின் உச்சியில், முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் நெருக்க, அந்த வேனின் இதயம் நின்றது."

அடித்துவிட்டேன். இன்ஜினை இதயம் என்று எழுதுகிறவர்கள் இரண்டையுமே திறந்து பார்த்ததில்லை.

இரண்டாவது: "எண்ணூர் கடல் அன்று என்ன நிறத்தில் இருந்தது என்றால்—"

பாதியில் விட்டேன். இந்தக் கதைக்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் நிறத்தால் இல்லை.

மூன்றாவது ஆரம்பத்தில் அழகே இல்லை, விவரம்தான் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

வேன் ஆன்றோ என்பவருடையது. கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். மாத்தூரில் வீடு, வீட்டை ஒட்டி வண்டி நிறுத்தும் ஷெட். மணலியில் ஒரு கம்பெனிக்குப் பெண் தொழிலாளர்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்கும் கான்ட்ராக்ட் அவரிடம் இருக்கிறது. எர்ணாவூரிலும் திருவொற்றியூர் குப்பங்களிலும் ஏறுகிறவர்களுக்கு ராமசெல்விதான் டிரைவர். முதல் ஷிஃப்டுக்கு விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும் என்பதால் வேன் திருவொற்றியூரில் அவள் வீட்டு வாசலிலேயே நிற்கும், சாவி அவளிடம் இருக்கும். அதற்கு முன் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவள். தன் தெருவில் வேன் சாவி வைத்திருக்கும் ஒரே பெண் அவள்தான்.

அந்தச் சாவி அவள் கையில் இருக்குமா போகுமா என்பதுதான் கதை. இதைக் கடைசி வரை ஒளித்து வைத்து உங்களை வதைக்கலாம். அது எனக்குப் பிடிக்காது.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோக ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சாவி போட்டால் எதுவும் நடக்காதது மாதிரி கிளம்பிவிடும். பெண்கள் ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போனார்கள். கம்பெனி ஆன்றோவைக் கேட்டது. ஆன்றோ பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு வேனை அனுப்பினார். அவர்கள் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்து, கிராங்க் சென்சார்* போயிருக்கிறது என்று புதுசு போட்டார்கள். மறுபடியும் அணைந்தது. இன்னொரு புதுசு போட்டார்கள். அதற்கும் அணைந்தது. மூன்றாவது தடவை ஸ்கேனரில் எந்தக் குறையும் வரவில்லை. கம்ப்யூட்டரே ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு மாற்றிப் பார்க்க வண்டியில் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி இருந்தது. டிரைவர்.

கிளட்ச்சை விடத் தெரியாமல் இவள்தான் வண்டியை ஆஃப் பண்ணுகிறாள் என்று ஆன்றோ நினைத்தார். கத்தவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா" என்று மரியாதையாகச் சொன்னாராம். கடைசியாக ஒரு தடவை பாய் கடையில் காட்டிவிடுகிறேன் என்று அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

* இன்ஜின் சுற்றுகிறது, சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்கு விடாமல் தகவல் கொடுக்கிற சின்ன சாமான். அந்தத் தகவல் ஒரு கணம் அறுந்தால், இன்ஜின் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் நம்பி, டீசலை நிறுத்திவிடும். அதனால் இன்ஜின் நிஜமாகவே நின்றுவிடும். உயிரோடு இருந்த என் மாமியாரின் பென்ஷனையும் இப்படித்தான் நிறுத்தினார்கள்.

3

சௌக்கத் அலி என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். முதல் பிரதியில் அவர் ரொம்ப நல்லவராக வந்துவிட்டார். ஐம்பது வயது, வெள்ளைத் தாடி, நிதானமான பேச்சு. (இப்படி ஒருவரை எழுதினால் வாசகர் உடனே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். தாடியை எடுத்துவிட்டேன். நிஜத்தில் தாடி இருக்கிறது.) அவர் நிதானமானவரும் இல்லை. ஸ்பானர் கைக்கு எட்டாவிட்டால் ஸ்பானரையே திட்டுவார்.

ஆனால் அன்று அவர் செய்த ஒரு காரியத்தை நான் மாற்ற மாட்டேன். ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் ராமசெல்வியைத்தான் கேட்டார்.

"வண்டி ஆஃப் ஆவுறப்போ ஆர்பிஎம் மீட்டர்ல முள்ளு இன்னா பண்ணுது?"

"முள்ளு மொதல்ல பொத்துனு வுழுந்துடுது பாய். வண்டி போய்க்கினே கீது, முள்ளு மட்டும் ஜீரோவாண்ட. அப்பாலதான் இன்ஜின் அடங்குது."

"கிளட்ச்சுல தப்புன்னா முள்ளு இன்ஜினோட சேர்ந்து எறங்கும்" என்றார் என்னைப் பார்த்து. நான் தலையாட்டினேன். புரிந்த மாதிரி தலையாட்டுவது எழுதுகிறவர்களுக்குக் கைவந்த கலை. பிறகு நிஜமாகவே புரிந்தது. அந்த முள்ளும் சென்சார் கொடுக்கிற தகவலை வைத்துத்தான் ஓடுகிறது. அது முதலில் விழுகிறது என்றால், இன்ஜின் நிற்பதற்கு முன்பே தகவல் அறுந்திருக்கிறது. அவள் காலுக்கு இதில் வேலையே இல்லை.

அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டோல்கேட் வரை போய்வந்தார். வந்து, வண்டியை ஆஃப் பண்ணாமல் நிறுத்தச் சொல்லி, சென்சாரிலிருந்து மேலே வரும் ஒயர்க் கற்றையை விரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தி, வளைத்து, லேசாக ஆட்டிக்கொண்டே வந்தார். சந்தையில் முருங்கைக்காய் வாங்குகிறவர் மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் வளைத்தார். இன்ஜின் அணைந்தது. விட்டார். ஸ்டார்ட் செய்யச் சொல்லி மறுபடி அதே இடத்தில் வளைத்தார். அணைந்தது.

ராமசெல்வி டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

மேலே சுற்றியிருந்த டேப்பைப் பிளேடால் கீறிப் பிரித்தார். உள்ளே ஒரு ஒயரில், உளுந்து அளவுக்குப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அதை அவர் பார்த்தபோது அவர் முகம் இருண்டு (இல்லை. எனக்குத் தெரிந்தது அவர் முதுகுதான். முகத்தை நான் இட்டுக்கட்டுகிறேன்.) அவர் கை சட்டைக் காலருக்குப் போய் எதையோ தொட்டுவிட்டு வந்தது. இதை நான் பார்த்தேன். அப்போது அதற்கு அர்த்தம் தெரியாது.

4

சௌக்கத் அலி ஆன்றோவுக்கு போன் போட்டார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில்.

ஒயர்தான் குற்றவாளி, டிரைவர் மேல் தப்பில்லை என்று தெளிவாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம். பிறகு ஆன்றோ நியாயமான ஒரு கேள்வி கேட்டார். நல்ல ஒயர் எப்படிக் கெட்டது?

"எலி சார்" என்றார் சௌக்கத் அலி. "எலி கடிச்சி வெச்சிக்கீது."

வடசென்னையில் எலி ஒயரைக் கடிப்பது அதிசயமில்லை. அதோடு, பழியைச் சுமக்க எலியைப் போல வசதியான பிராணி வேறு கிடையாது. எந்த எலியும் வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. அவர் அப்படி நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஆன்றோ கணக்குப் போடத் தெரிந்த மனிதர்.

"எலின்னா அப்போ வண்டி நிக்கிற இடந்தான் கோளாறு. மீன் காயப்போடுற தெருவுல வண்டிய விட்டா எலி வராம என்ன செய்யும்? மாசம் பொறந்ததும் வண்டி நம்ம ஷெட்ல நிக்கட்டும் பாய். இங்க பக்கத்துலயே ஒரு டிரைவர் பையன் இருக்கான், அவன் எடுத்துக்கிடுவான். அவங்க வேணும்னா ஆள் இல்லாத அன்னைக்கு வரட்டும்."

விடிவதற்கு முன்னால் திருவொற்றியூரிலிருந்து மாத்தூருக்குப் போய் வண்டி எடுக்க பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. இது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்த கோபம். ஒரு எலி, அதுவும் பார்த்திராத ஒரு எலி, ஒரு பெண்ணின் வேலையைத் தின்றுவிட்டது என்று நினைத்தேன். சௌக்கத் அலி போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். ராமசெல்வி அவரையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "ஒயரைப் போடு பாய், நேரமாவுது" என்றாள்.

பச்சை பூத்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒயர் வைத்து ஈயம் வைத்தார், மேலே ரப்பர் ஸ்லீவ் போட்டார். வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு இன்று வரை அது ஒரு தடவைகூட அணையவில்லை.

5

என் ஸ்கூட்டரின் ஸ்டார்ட்டர் ரிலேயை மாற்றிக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே சௌக்கத் அலி பேசினார். என்னை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் பேசினார் என்று நினைக்கிறேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் குடும்பக் கதை சொல்வதில்லையா, அது மாதிரி.

வெட்டிய ஒயர்த் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எலின்னா சுத்தி பிறாண்டி வெச்சிருக்கும் மேடம். இது பாருங்க. ஒரே ஓட்டை."

காலரிலிருந்து ஒரு ஊசியை உருவினார். தலையில் வெள்ளை முத்து வைத்த நீளமான ஊசி. பெண்கள் துப்பட்டாவுக்குக் குத்துவது. வண்ணாரப்பேட்டையில் அட்டை அட்டையாகக் கிடைக்கும். அவர் மனைவி ஹஃப்சாவின் அட்டையிலிருந்து எடுத்தது. ஒயருக்குள் கரன்ட் வருகிறதா என்று பார்க்க, ஒயரை வெட்டாமல், ரப்பருக்குள் இந்த ஊசியைக் குத்தி, அதில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்களாம். குண்டூசி தடிமன், இது மெல்லிசு, ஒயருக்கு வலிக்காது என்றார். (வலிக்காது என்பது அவர் வார்த்தை. நான் சேர்க்கவில்லை.)

மழைக்கு முன்னால் இதே வேன் வேறொரு கோளாறுக்காக அவரிடம் வந்திருந்தது. சென்சார் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இதே ஒயரில்தான் குத்தினார். சென்சார் நன்றாக இருந்தது. ஊசியை எடுத்துவிட்டு மேலே பழைய டேப்பையே இழுத்துவிட்டார்.

"ரப்பர் தானே, தானா மூடிக்கும்னு வுட்டுட்டேன். எல்லாரும் அப்டித்தான். வேற ஊர்ல மூடிக்கும். இங்க உப்புக்காத்து."

கடலுக்கும் கதைக்கும் சம்பந்தம் இதுதான். ஒரு ஊசி போகிற வழியில் உப்பு போனது. மழைத் தண்ணீர் போனது. செம்பு பச்சையாகி, ஒவ்வொரு இழையாக அறுந்து, குழியில் வண்டி குதிக்கும்போதெல்லாம் கணநேரம் விட்டுப் பிடித்தது. நோய் இருக்கிறதா என்று குத்திப் பார்த்த ஊசிதான் நோயைக் கொண்டுவந்திருக்கிறது.

அப்புறம் ஏன் எலி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். வாயில் வந்துவிட்டது என்றார். எலி மேல் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தாராம். இப்போது உண்மையைச் சொன்னால் ஆன்றோவின் வண்டிகள் மட்டும் போகாது, நாளைக்கு இந்த ரோட்டில் எந்த வண்டி நின்றாலும் பாய் ஊசி குத்தினார் என்பார்கள். அப்புறம் பேஜாருதான். நான் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "பாக்கலாம் மேடம்" என்றார். ஸ்கூட்டர் பட்டனை அழுத்திக் காட்டினார். முதல் அழுத்தலிலேயே கிளம்பியது.

6

இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

சௌக்கத் அலி மறுநாள் மாத்தூருக்கே போய் ஆன்றோவிடம் தப்பை ஒப்புக்கொள்கிறார். ஆன்றோ அவர் தோளைத் தட்டி, "உண்மையைச் சொன்ன உங்களிடம்தான் இனி என் எல்லா வண்டியும்—"

அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்க வாசனை.

வேனைக் கழுவும்போது சீட்டுக்கு அடியிலிருந்து நிஜமாகவே ஒரு எலி குதித்து ஓடுகிறது. இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். சௌக்கத் அலியைக் காப்பாற்ற ஒரு எலியைச் சிருஷ்டிக்கும் அளவுக்கு எனக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இதையும் அடித்தேன்.

மூன்றாவதில் நானே ஆன்றோவுக்கு போன் செய்கிறேன். என்னிடம் அவர் நம்பர் இருந்தது. வேனின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படமெடுத்து வைத்திருந்தேன். "ஓட்டுநர் மேல் புகார் இருந்தால் அழைக்கவும்." டிரைவர் மேல் குறை சொல்ல ஒரு நம்பர் இருக்கிறது. டிரைவர் மேல் குறையில்லை என்று சொல்ல எந்த வண்டியிலும் நம்பர் எழுதுவதில்லை. போனைக் கையில் எடுத்தேன். அழைத்து என்ன சொல்ல? நான் யார்? ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவள்—

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாருக்காகவும் நான் யோசிக்கிறேனே, சாவி யாருடையதோ அவளைக் கேட்டேனா?

7

எழுதியது வரை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் போனேன். காலை ஷிஃப்டை இறக்கிவிட்டு, ராமசெல்வி தேரடிக்குப் பக்கத்தில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். "ஸ்கூட்டர் யக்கா தானே?"

கதை எழுதியிருக்கிறேன், உன்னைப் பற்றி, என்றேன். பேரை மாற்றுவியா என்றாள். மாற்றுவேன் என்றேன். அப்புறம் படி என்றாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து படித்தேன். இடையில் நிறுத்தவில்லை. என் மாமியார் பென்ஷனுக்கு மட்டும் சிரித்தாள். ஊசி வரும் இடத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதிர்ச்சி வரும், கோபம் வரும், அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. டீயைக் குடித்து முடித்தாள்.

"எல்லாம் கரீட்டு யக்கா. ஒண்ணுதான் தப்பு. ஊசி விசயம் எனக்குத் தெரியாத மாதிரி எழுதிக்கீற."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அன்னிக்கி அவரு ஊசி குத்தறப்போ டார்ச்சு புடிச்சிகினு நின்னதே நான்தான். டேப்பு சுத்தலியா பாய்னுகூட கேட்டேன். மூடிக்கும்னாரு."

அப்போது ஆன்றோவிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். தான் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார் ஆன்றோ, பாய் சொன்னால்தான் அது நிற்கும் என்றாள். சரி, பாயிடமாவது நேரில் கேட்டிருக்கலாமே என்றேன். ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த ஏதோ அழுக்கைச் சுரண்டினாள்.

"எத்தினி கடைக்கு இந்த வண்டிய எட்த்துகினு போயிருப்பேன். நான் வாயத் தொறந்தா, பின்னாடி யாருனா ஆம்பள நிக்கறானான்னு பாப்பானுங்க. இவரு ஒர்த்தர்தான் முள்ளு இன்னா பண்ணுதுன்னு என்னிய கேட்டாரு. அவர நான் போயி மெரட்டணுமா? அவரா சொல்லட்டும். சொல்லுவாரு."

"சொல்லாவிட்டால்?"

"சாவி போவும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. மறைக்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எர்ணாவூர்ல ஏறுற பொண்ணுங்க கேட்டுகினே கீதுங்க, நீ போயிடுவியா யக்கான்னு. நான் இன்னா சொல்ல?"

அந்த இடத்தில் நான் எழுதியது எல்லாம் எனக்கே கூச்சமாக இருந்தது. பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நான் வரைந்து வைத்திருந்த பெண், என் கதையில் இருந்த எல்லாரையும்விட அதிகம் தெரிந்து, அதிகம் பணயம் வைத்து, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவளை ஊசியால் குத்திப் பார்க்கத்தான் போயிருந்தேன். அவள் எனக்கே மீட்டர் வைத்துவிட்டாள்.

இறங்கும்போது கையைப் பிடித்தாள்.

"அவரு வாயத் தொறக்கற வரிக்கும் இத்த எங்கியும் போடாத யக்கா. நீ போட்டு அவரு மாட்டுனா, நான் போட்டுக்குடுத்த மாதிரிதான் ஆவும்."

சரி என்றேன். அது போதவில்லை அவளுக்கு. உள்ளங்கையை நீட்டினாள். அதில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

8

இந்த வரியை எழுதும்போது ஆன்றோ சொன்ன மாதம் இன்னும் பிறக்கவில்லை. சௌக்கத் அலி கடை வழியாகத்தான் தினமும் போகிறேன். ஸ்கூட்டர் எப்படி என்று கேட்கிறார், நன்றாக இருக்கிறது என்கிறேன். ஒரு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, டயல் செய்யாமல், ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவரை அந்தப் பட்டனை அழுத்த வைக்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். எழுதிப் பார்த்தேன்: "சௌக்கத் அலி அழைத்தார்." எழுதிவிட்டுக் கடைப் பக்கம் போனேன். போன் ஸ்பானர்களுக்கு நடுவே கிடந்தது.

இனி உங்கள் வேலை.

இந்தக் கதை உங்கள் கையில் இருக்கிறது. அப்படியானால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஒன்று, எலி இல்லை சார், நான்தான் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒரு பெண்ணின் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை, ஒரு நல்ல கதை வீணாகிறதே என்ற அரிப்பில், நான் மீறியிருக்க வேண்டும். (மூன்றாவது ஒன்று இருக்குமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். இல்லை.) எது என்று நான் சொல்லப் போவதில்லை. அவரையும் பார்த்துவிட்டீர்கள், என்னையும் பார்த்துவிட்டீர்கள். யாரை நம்பலாம் என்று நீங்களே பாருங்கள்.

அப்படியும் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், ஒரு நாள் விடிவதற்கு முன்னால் எர்ணாவூர் பஸ் நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். சாப்பாட்டுப் பையோடு பெண்கள் நிற்பார்கள். ஒரு வெள்ளை வேன் வரும். ஓட்டுகிற சீட்டில் யார் என்று பாருங்கள்.

நான் இன்னும் போகவில்லை.